போர்க்கால ஜப்பானியச் சண்டை விமான மாதிரிகள்: சேகரிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜப்பானியச் சண்டை விமானங்களின் டைகாஸ்ட் மாதிரிகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். இதில் புதிதாக இறங்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இங்கே.

டைகாஸ்ட் என்றால் முழுக்க உலோகமா?

இல்லை. உருக்கிய உலோகத்தை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்ப்பதுதான் டைகாஸ்ட். உலோகம் பெரும்பாலும் ஸமாக் என்ற கலவை. துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம், மெக்னீசியம், செம்பு சேர்ந்தது. 400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடுவதால் அச்சு நீண்ட நாள் உழைக்கும். விமானத்தின் உடலும் இறக்கையும் இந்த உலோகத்தில் இருக்கும். விசிறி, சக்கரக் கால்கள், ஆன்டெனா கம்பம், விமானியின் கண்ணாடிக் கூண்டு எல்லாம் பிளாஸ்டிக். கையில் எடுத்தால் கனம் தெரியும், ஆனால் முதலில் உடைவது இந்தப் பிளாஸ்டிக் பாகங்கள்தான். அதனால் மாதிரியை எப்போதும் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பிடித்துத் தூக்குங்கள்.

எந்த ஸ்கேலில் தொடங்கலாம்?

1/72. ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ சண்டை விமானத்தில், 21 என்ற வகையின் இறக்கை நிஜத்தில் முனைக்கு முனை 12 மீட்டர், இந்த ஸ்கேலில் 16.7 சென்டிமீட்டர். உள்ளங்கையை விரித்தால் அடங்கிவிடும். 1/48-ல் அதே விமானம் 25 சென்டிமீட்டர் ஆகிவிடும். பார்க்க அழகுதான், ஆனால் பத்து வாங்கினால் ஓர் அலமாரியே போய்விடும். 1/144-ல் எட்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதில் வால் எண்ணைப் படிக்கவே பூதக்கண்ணாடி வேண்டும். ஏதாவது ஒரு ஸ்கேலில் நில்லுங்கள். ஜீரோவுக்குப் பக்கத்தில் அதே ஸ்கேலில் ஓர் அமெரிக்க விமானத்தை வைத்துப் பார்க்கும்போதுதான் ஜப்பானியர் எவ்வளவு மெல்லிய, எடை குறைந்த விமானத்தைக் கட்டினார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஜீரோ, ரெய்சென், ஸீக், ஏ6எம், 21, 52... இதெல்லாம் ஒரே விமானமா?

ஒரே விமானம்தான். விற்பனைக்கு வரும் பெட்டிகளில் இந்தப் பெயர்கள் கலந்து கிடப்பதால் குழப்பம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருக்கிறது.

ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கில் 1940 என்பது 2600-ஆம் ஆண்டு. அந்த ஆண்டு கடற்படை ஏற்ற விமானம் என்பதால் கடைசி இலக்கமான பூஜ்யம் அதன் பெயரானது. ரெய்சென் என்பது 'பூஜ்ய வகைச் சண்டை விமானம்' என்பதன் ஜப்பானியச் சுருக்கம். ஏ6எம் என்பதில் ஏ என்றால் கப்பலிலிருந்து கிளம்பும் சண்டை விமானம், 6 என்றால் அந்த வகையில் ஆறாவது, எம் என்றால் மிட்சுபிஷி. ஸீக் என்பது நேச நாட்டுப் படைகள் வைத்த அடையாளப் பெயர். அவர்கள் சண்டை விமானங்களுக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானங்களுக்குப் பெண் பெயர் என்று வைத்தார்கள்.

21, 32, 22, 52 என்பவை வரிசை எண்கள் அல்ல. முதல் இலக்கம் உடலமைப்பு எத்தனையாவது மாற்றம் என்பதையும், இரண்டாவது இலக்கம் இயந்திரம் எத்தனையாவது என்பதையும் சொல்கிறது. 21 என்றால் இரண்டாவது உடல், முதல் இயந்திரம். 32-ல் உடலும் மாறியது, இயந்திரமும் மாறியது. இறக்கை முனைகளை வெட்டிச் சதுரமாக்கினார்கள், இறக்கை 11 மீட்டராகக் குறைந்தது. அப்புறம் பழைய நீண்ட இறக்கைக்கே திரும்பி, புதிய இயந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதுதான் 22. அதனால்தான் 32-க்குப் பிறகு 22 வந்தது. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஒரு பூட்டு திறந்ததுபோல இருந்தது.

மாதிரியைப் பார்த்து வகையைச் சொல்வது எளிது. இறக்கை முனை வட்டமாக நீண்டு, முனைக்குச் சற்று உள்ளே மடிப்புக் கோடு தெரிந்தால் 21 அல்லது 22. கப்பலின் லிஃப்ட்டில் இறக்கும்போது அந்த முனை மட்டும், பக்கத்துக்கு அரை மீட்டர், மடியும். முனை சதுரமாக இருந்தால் 32. இயந்திர மூடிக்குப் பின்னால் குட்டிக் குட்டிப் புகைக்குழாய்கள் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் 52.

வாலில் உள்ள எழுத்தும் உடலில் உள்ள பட்டையும் எதற்கு?

என்னைக் கேட்டால் இந்தச் சேகரிப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. 'ஒரு ஜீரோ' என்று யாரும் வாங்கக் கூடாது. எந்தக் கப்பல், எந்த நாள், யார் ஓட்டியது என்று தெரிந்த ஒரு ஜீரோவை வாங்க வேண்டும்.

பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஆறு விமானம் தாங்கிக் கப்பல்களின் முறை இது. வால் எண்ணின் முதல் எழுத்து எந்தக் கப்பல் அணி என்பதைச் சொல்லும். அதை ஒட்டியுள்ள ஐ, எழுத்து அல்ல, ரோமன் எண். ஒரு கோடு என்றால் அணியின் முதல் கப்பல், இரண்டு கோடு என்றால் இரண்டாவது. பட்டையும் அப்படியே: நிறம் அணியைச் சொல்லும், எண்ணிக்கை கப்பலைச் சொல்லும். அகாகிக்கு ஏஐ, சிவப்புப் பட்டை ஒன்று. காகாவுக்கு ஏஐஐ, சிவப்பு இரண்டு. சோரியு பிஐ, நீலம் ஒன்று. ஹிரியு பிஐஐ, நீலம் இரண்டு. ஷோகாகு இஐ, வெள்ளை ஒன்று. ஸுய்காகு இஐஐ, வெள்ளை இரண்டு.

இப்போது ஒரு மாதிரியில் பிஐஐ-120 என்று இருந்தால், அது வெறும் எண் இல்லை. ஹிரியுவிலிருந்து கிளம்பி 1941 டிசம்பர் 7 அன்று சேதமடைந்து, ஹவாயின் நீஹாவ் தீவில் ஷிகெநோரி நிஷிகாய்ச்சி இறக்கிய விமானம் அது. அவர் அந்தத் தீவிலேயே கொல்லப்பட்டார். விமானத்தின் மிச்சம் இன்றும் பேர்ல் ஹார்பரில் ஃபோர்டு தீவின் விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் அலமாரியில் அந்த மாதிரிக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் இரண்டு நீலப் பட்டைகளில்தான் கண் போகும்.

இலங்கைக்கு வந்த விமானம் ஒன்று வேண்டும். எதைத் தேடுவது?

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பல் படையிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9-ல் திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. வந்த கப்பல்கள் ஐந்து: அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, ஸுய்காகு. காகா வரவில்லை. அந்த பிப்ரவரியில் பலாவ் தீவுப் பக்கம் பாறையில் மோதியதால் பழுது பார்க்க ஜப்பானுக்குத் திரும்பியிருந்தது.

ஆகவே சிவப்புப் பட்டை இரண்டு உள்ள ஏஐஐ மாதிரியை 'கொழும்பு ஜீரோ' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். மற்ற ஐந்தில் எது கிடைத்தாலும், 21 வகையாக இருந்தால் சரி. பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் ஹரிக்கேன் சண்டை விமானத்தை வையுங்கள். ரத்மலானையிலிருந்தும், குதிரைப் பந்தய மைதானத்தைத் திருத்தி அமைத்த ஓடுதளத்திலிருந்தும் எதிர்த்துப் பறந்தவை அவைதான்.

ஒரே ஜீரோ 21 ஒரு கம்பெனியில் வெள்ளையாகவும் இன்னொன்றில் பழுப்புச் சாயலாகவும் இருக்கிறது. எது சரி?

இது பல பத்தாண்டு வழக்கு. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் அந்த விமானங்கள் வெளிறித் தெரிவதால் முதலில் எல்லோரும் வெள்ளை, வெளிர் சாம்பல் என்று அடித்தார்கள். பிறகு விழுந்த விமானங்களின் துண்டுகளை ஆராய்ந்தபோது ஆலிவ் பச்சையோ பழுப்போ கலந்த ஒரு சாம்பல் வெளிப்பட்டது. 'ஆமெய்ரோ' என்கிறார்கள், ஜப்பானிய மிட்டாயின் நிறம். வெயிலும் உப்புக் காற்றும் பட்டால் அந்தப் பெயின்ட் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுத்துவிடும். அதனால் புது விமானமும் ஆறு மாதம் பறந்த விமானமும் ஒரே நிறத்தில் இருந்திருக்காது. நான் ஆலிவ் சாயல் உள்ளதையே விரும்பி வாங்குகிறேன். சாம்பலில் வந்திருப்பதைத் தப்பு என்று ஒதுக்கவும் மாட்டேன்.

நிறத்தைவிட உறுதியாகச் சொல்லக்கூடிய பிழைகள் உண்டு. பேர்ல் ஹார்பர் ஜீரோவின் உடலில் உள்ள சிவப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கக் கூடாது. 21-ல் அந்த வளையம் நகாஜிமா ஆலை கட்டிய விமானங்களின் அடையாளம். நகாஜிமா உற்பத்தி தொடங்கியதே 1941-ன் கடைசியில். பேர்ல் ஹார்பர் போனவை மிட்சுபிஷி கட்டியவை. அதேபோல இறக்கையின் முன் விளிம்பில் மஞ்சள் பட்டை. தன் பக்கத்து விமானம் என்று அடையாளம் காட்ட 1942-ன் பிற்பாதியில் வந்த வழக்கம் அது. 1941 மாதிரியில் இருந்தால் தவறு.

52 வகையில் இன்னொரு நுணுக்கம். மேலே கரும்பச்சை, கீழே சாம்பல் என்று இரண்டு நிறம். இரண்டும் சேரும் கோடு வால் வரை நேராக ஓடினால் மிட்சுபிஷி ஆலை. வாலை நெருங்கும்போது வளைந்து, கிடைமட்ட வால் இறக்கையை நோக்கி மேலே ஏறினால் நகாஜிமா. ஜீரோவைக் கண்டுபிடித்து வடிவமைத்தது மிட்சுபிஷியின் ஜிரோ ஹொரிகோஷி. ஆனால் கட்டப்பட்ட பத்தாயிரத்துச் சொச்சம் ஜீரோக்களில் பாதிக்கு மேல் நகாஜிமாவில்தான் உருவானது. மாதிரி செய்பவர் அந்தக் கோட்டைச் சரியாகப் போட்டிருந்தால் மற்றதையும் சரியாகப் பார்த்திருப்பார் என்று நம்பி வாங்குவேன்.

ஜீரோவைத் தவிர என்ன சேர்க்கலாம்?

தரைப்படை விமானங்கள். அவற்றின் பெயர் 'கி' என்று தொடங்கும். மலாயாவிலும் பர்மாவிலும் தாத்தா காலத்து ஆட்கள் 'ஜீரோ வந்தது' என்று சொன்னால், பல நேரம் வந்தது கி-43 ஹயபுசாதான். தூரத்திலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் ஹயபுசாவின் இறக்கையில் துப்பாக்கி கிடையாது. மூக்கின் மேல் இரண்டு மட்டும். முதல் வகைக்கு விசிறியில் இரண்டு தகடு, இரண்டாம் வகைக்கு மூன்று. வாலில் சாய்ந்த அம்பு வரைந்திருந்தால் அது 64-ஆம் படைப்பிரிவு. அதன் தலைவர் தாத்தேயோ காத்தோ 1942 மே 22 அன்று ஒரு பிரிட்டிஷ் பிளென்ஹைம் விமானத்தைத் துரத்திப்போய், அதன் துப்பாக்கிக்காரர் சுட்டதில் வங்காள விரிகுடாவில் விழுந்தார்.

கி-61 ஹியன் மூக்கு கூர்மையாக நீண்டிருக்கும். ஜெர்மன் டைம்லர்-பென்ஸ் இயந்திரத்தை உரிமம் வாங்கிக் கட்டியதால் வந்த வடிவம். பழுதும் அதிலிருந்தே வந்தது. போரின் கடைசியில் இயந்திரம் கிடைக்காமல் நின்ற ஹியன் உடல்களில் வட்ட வடிவ மிட்சுபிஷி இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அதுதான் கி-100. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே உடலில் இரண்டு தலை. கி-84 ஹயாதே, கடற்படையின் ரைதென், ஷிதென்-கய் ஆகியவையும் நல்லவை. ஆனால் ஜீரோ அளவுக்கு டைகாஸ்டில் கிடைக்காது, காத்திருக்க வேண்டும்.

எந்தக் கம்பெனி?

ஹாபி மாஸ்டரைத்தான் முதலில் பார்ப்பேன். அச்சுப்பதிவு துல்லியமாக இருக்கும். 1/48-ல் ஃபிராங்க்ளின் மின்ட்டின் ஆர்மர் வரிசை பழைய பொருளாகக் கிடைக்கும். கனம் அதிகம், உடல் தகடுகளின் கோடுகள் கொஞ்சம் ஆழம். ஜப்பானில் டி அகோஸ்டினி இதழோடு இணைத்து விற்ற 1/72 வரிசையில், வேறு யாரும் தொடாத ஜப்பானிய விமானங்கள் உண்டு. விலைக்குத் தகுந்த வேலை.

பழைய பொம்மையில் ஆசை இருந்தால் டிங்கியின் 739-ஆம் எண் ஜீரோவைத் தேடுங்கள். இங்கிலாந்தில் லிவர்பூலில் 1970-களின் நடுவில் செய்தது. பேட்டரி போட்டால் விசிறி சுற்றும். ஸ்கேல் கணக்குக்கு ஒத்துவராது, நிறமும் சரித்திரத்துக்கு ஒத்துவராது. ஆனாலும் அந்தச் சின்ன மோட்டாரின் சத்தம் கேட்டால் வாங்காமல் வர மனம் வராது.

பழையது வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் 'துத்தநாக நோய்'. கலவையில் காரீயம் போன்ற அசுத்தம் சேர்ந்துவிட்டால், ஆண்டுகள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து வீங்கும். பெயின்ட்டில் சிறு கொப்புளம், முடி போன்ற விரிசல், இறக்கை லேசாக வளைந்திருப்பது, இவைதான் அறிகுறி. இதற்கு மருந்து கிடையாது. போருக்கு முந்திய பொம்மைகளில் அதிகம், ஆனால் புதியவற்றிலும் எப்போதாவது வரும்.

ஒரு முறை ஏமாந்தேன். இணையத்தில் ஒருவரிடம் 52 ஒன்று வாங்கினேன், படத்தில் பளபளவென்று இருந்தது. வந்ததும் மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால், இடது இறக்கையின் அடியில் அரிசிமணி அளவுக்கு நான்கு கொப்புளம். நகத்தால் தொட்டதும் ஒன்று உதிர்ந்து சாம்பல் நிறப் பொடி கொட்டியது. அதிலிருந்து இறக்கையின் அடிப்பக்கத்தை, வெளிச்சம் சாய்வாக விழும்படி எடுத்த படம் கேட்காமல் எதையும் வாங்குவதில்லை.

அடுத்து இடது இறக்கையின் முன்னால் ஊசிபோல நீட்டும், வேகம் அளக்கும் பிட்டோ குழாய். அது இருக்கிறதா, நேராக இருக்கிறதா? பிறகு ஆன்டெனா கம்பம், வால் கொக்கி, வயிற்றுக்கடியில் மாட்டும் எரிபொருள் தொட்டி, ஸ்டாண்டு. ஆன்டெனா கம்பம் இல்லை என்றால் உடனே குறை என்று எண்ணிவிடாதீர்கள். நியூ கினியா பகுதியில் ரபாவுல், லே பக்கம், கப்பலிலிருந்து அல்லாமல் தரையிலுள்ள தளங்களிலிருந்து பறந்த ஜீரோக்களில் எடையைக் குறைக்க ரேடியோவையும் கம்பத்தையும் எடுத்துவிட்டார்கள். வாலில் 'வி' எழுத்துள்ள, தைனான் என்ற கடற்படை விமானப் பிரிவின் மாதிரியாக இருந்தால் கம்பம் இல்லாததே சரியாகவும் இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கம்?

இந்தியாவில் ஸ்கேல் மாதிரிகள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அன்றைய விகிதத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

வெயில் படாத கண்ணாடி அலமாரி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், மென்மையான பெயின்ட் பிரஷ். ஸ்பிரிட் வேண்டாம், எழுத்துகள் கரைந்துவிடும். பெட்டியிலுள்ள ஸ்பாஞ்சில் ஆண்டுக்கணக்கில் அழுத்தி வைக்காதீர்கள், பெயின்ட்டில் தடம் விழும்.

இந்த விமானங்களைச் சேர்ப்பது அந்தப் போரைப் போற்றுவதாகாதா?

நியாயமான கேள்வி, எனக்கும் இது உறுத்தியிருக்கிறது. இந்த விமானங்கள் பறந்த ஆட்சியின் கீழ்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். 1944 அக்டோபர் 25 அன்று ஜீரோக்களில் குண்டைக் கட்டி, இளைஞர்களைக் கப்பல்கள்மேல் மோதிச் சாக அனுப்பியதும் அதே ஆட்சி. அதை மறைத்துவிட்டு இறக்கை அழகை மட்டும் பேச எனக்கு மனமில்லை. என் ஒவ்வொரு மாதிரிக்கும் கீழே ஓர் அட்டை வைக்கிறேன். தேதி, இடம், ஓட்டியவர், அவருக்கு என்ன ஆனது, எதிரில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது. யூஐ-105 என்ற பச்சைத் திட்டுப் போட்ட 22 வகை மாதிரி பலரிடமும் இருக்கும், ஹிரோயோஷி நிஷிசாவா ஓட்டியது என்று சொல்லப்படுவது. வானில் யாராலும் வீழ்த்த முடியாது என்று பேர் எடுத்தவர். 1944 அக்டோபர் 26 அன்று ஒரு சரக்கு விமானத்தில் பயணியாக உட்கார்ந்திருந்தபோது பிலிப்பைன்ஸில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அட்டையில் அதையும் எழுதியிருக்கிறேன்.

நிஜ விமானங்களை எங்கே பார்க்கலாம்?

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சீனோ அருங்காட்சியகத்தில் அதன் அசல் வகையான சாகாயே இயந்திரத்தோடே பறக்கக்கூடிய ஜீரோ 52 இருக்கிறது. சைப்பானில் 1944-ல் பிடிபட்டது. உலகில் மிஞ்சிய ஒரே ரைதெனும் அங்கேதான். மிஞ்சிய ஒரே ஹயாதே ஜப்பானில் சிரான் அருங்காட்சியகத்தில். மிஞ்சிய ஒரே கி-100 இங்கிலாந்தின் விமானப்படை அருங்காட்சியகத்தில். கவாசாகி நிறுவனம் சீரமைத்த ஹியன் ககாமிகஹராவில்.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், ஷிகோகு தீவின் ஐனான் ஊருக்குப் போங்கள். அங்கே ஒரு ஷிதென்-கய் இருக்கிறது. 1945 ஜூலை 24 அன்று நடந்த சண்டையில் கடலில் இறங்கியது, 1979-ல் தூக்கி எடுத்தார்கள். விசிறியின் நான்கு தகடுகளும் தண்ணீரில் மோதிப் பின்னால் மடிந்தவை, அப்படியே விட்டிருக்கிறார்கள். அன்று அந்தப் படைப்பிரிவில் ஆறு விமானிகள் திரும்பவில்லை. அவர்களில் யார் இதை ஓட்டினார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. என்னிடம் உள்ள ஷிதென்-கய் மாதிரிக்குக் கீழே உள்ள அட்டையில், பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஆறு பேரின் பெயர்களும் இருக்கின்றன.